உழைத்தும் உண்ணாத மைனர்கள்!

'மைனர்' என்று சொன்னதும் நம் கண் முன்னே யார் வந்து நிற்கிறான்? மடிப்புக் கலையாத மல் ஜிப்பா, கழுத்திலே தங்கச் சங்கிலி, விரலிலே வைர மோதிரம், கமகமக்கும் அத்தர், பாட்டன் தேடி வைத்த பண்ணையை விற்று விற்றுத் தின்னும் பவிசு! உழைக்காமல் உண்பவன் மைனர். இது நம் ஊர் அகராதி.

அமெரிக்க நாட்டிலேயும் மைனர்கள் உண்டு, தோழர்களே! ஒருவர் இருவரல்லர், ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் அவர்கள் உழைத்தும் உண்ணாத மைனர்கள்! அவர்களுக்கும் பண்ணை உண்டு. பண்ணைக்குச் சொந்தக்காரர்களாக அல்ல, பண்ணையிலே விளைந்து பிறர் களத்துக்குப் போகும் பயிராக!

பேஸ்பால் என்பது அமெரிக்க மக்களின் தேசிய விளையாட்டு. அதன் உச்சியிலே 'மேஜர் லீக்' என்ற பெயரில் 30 பெரிய கிளப்புகள் வீற்றிருக்கின்றன. ஆண்டு வருமானம் 2019-லேயே ஆயிரம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அந்த முப்பதுக்கும் கீழே, சின்னஞ்சிறு நகரங்களிலே 'மைனர் லீக்' குழுக்கள் 120. ஒவ்வொரு பெரிய கிளப்புக்கும் நான்கு. லோ ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று படிகள். அவற்றுக்கும் அடியிலே பயிற்சி முகாம் லீக். பதினெட்டு வயதுப் பையன் அடிப்படியிலே கால் வைக்கிறான். படிப்படியாக ஏறினால் ஒருநாள் மாளிகை. ஏறாவிட்டால்? வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். ஏறுபவர் சிலர், இறங்குபவரே மிகப் பலர்.

பண்ணை பிறந்த கதை

இந்த ஏற்பாட்டுக்கு அமெரிக்காவிலேயே 'பண்ணை முறை' என்றுதான் பெயர். 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கிளப்பை நடத்திய பிராஞ்ச் ரிக்கி என்பவர் வகுத்த முறை இது. அதற்கு முன்னால் சிறு நகரக் கிளப்புகள் தனித்து நின்றன; ஆட்டக்காரனை வளர்த்துப் பெரிய கிளப்புக்கு விலை பேசி விற்றன. ரிக்கி கணக்குப் போட்டார். நூலை விலைக்கு வாங்குவதைவிடப் பருத்திக் காட்டையே வாங்கிவிட்டால் என்ன? சிறு கிளப்புகளை ஒவ்வொன்றாக வளைத்தார். 1940 வாக்கில் அவர் கையிலே முப்பதுக்கு மேற்பட்ட குழுக்கள், நூற்றுக்கணக்கான இளைஞர்கள்! மற்ற கிளப்புகளும் அதே வழியிலே நடந்தன.

முறையிலே நன்மையே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. ஸ்டான் மியூசியல் என்ற பையன் பந்து வீசுபவனாக அந்தப் பண்ணையிலே நுழைந்தான். 1940-ல் தோள் அடிபட்டது. வீச்சு போயிற்று. ஆனால் மட்டை பிடிக்கும் திறமை அவனிடம் இருந்தது. அடுத்த ஆண்டே மேஜர் லீக்கில் ஏறி, பிற்காலத்திலே அந்த ஆட்டத்தின் பெருவீரர்களில் ஒருவனாக ஓங்கினான். பயிற்சி கொடுத்தார்கள், பக்குவப்படுத்தினார்கள்; மெய்தான். ஆனால் பயிற்சி கொடுக்கிறோம் என்ற ஒரே காரணத்தைக் காட்டிக் கூலியைக் கொடுக்காமலிருக்கலாமா? அதுதானே நம் கேள்வி!

யார் கொடுப்பது கூலி?

இங்கே ஒரு சூட்சுமத்தைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். ஊர்க் கிளப்பு முதலாளி டிக்கெட் விற்கிறார், தின்பண்டம் விற்கிறார், மைதானத்தைப் பராமரிக்கிறார். ஆனால் ஆட்டக்காரனுக்கும் பயிற்சியாளருக்கும் சம்பளம் கொடுப்பவர் அவரல்லர். மேலே இருக்கும் பெரிய கிளப்பு! முப்பது பெரிய கிளப்புகளும் கூடி ஒரே மாதிரி ஒப்பந்தத்தை எழுதி வைத்திருந்தன. எந்தக் கதவைத் தட்டினாலும் அதே தாள், அதே ஷரத்து. கையெழுத்துப் போட்டால் ஏழு பருவம் அந்தக் கிளப்புக்கே அடிமைச் சீட்டு. வேறு கிளப்பு நல்ல கூலி தருகிறேன் என்றாலும் போக முடியாது. கிளப்பு மட்டும் நினைத்த மாத்திரத்திலே அவனை வெளியே அனுப்பலாம்!

கூலி எவ்வளவு? 2014-ல் முதல் பருவ ஆட்டக்காரனுக்கு மாதம் 1,100 டாலருக்கு மேல் கிடையாது. அதுவும் ஆட்டப் பருவமான ஐந்து மாதத்துக்குத்தான். அதற்கு முந்திய வசந்தகாலப் பயிற்சிக்குச் சம்பளம் இல்லை. பருவம் முடிந்த பின் உடலை உரமேற்றும் உழைப்புக்கும் இல்லை. ஐந்தாறு பேர் ஒரே வீட்டில் அடைந்து, காற்றடைத்த மெத்தையிலே படுத்து, இரவெல்லாம் பஸ்ஸிலே பயணம் செய்து, மறுநாள் மைதானத்திலே இறங்கினார்கள். குளிர்காலம் வந்தால் கிடங்கிலே மூட்டை தூக்கப் போனார்கள். ஒப்பந்தம் எழுதும்போது முதல் வரிசைப் பையன்கள் சிலருக்கு லட்சக்கணக்கில் முன்பணம் கிடைத்தது உண்மை. பத்திரிகைகள் அந்தச் சிலரின் படத்தைப் போட்டன. மற்றப் பலரின் பட்டினியைப் போடவில்லை!

நம் நாட்டு இளைஞர் இருவரும் அந்த ஏணியிலே கால் வைத்ததுண்டு. உத்தரப் பிரதேசத்து ரிங்கு சிங், தினேஷ் படேல். ஈட்டி எறிந்து பழகிய கைகள். 2008-ல் ஒரு டெலிவிஷன் போட்டியிலே முன்னணியில் வந்து பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கிளப்பிலே சேர்ந்தார்கள். அவர்கள் கதையை ஹாலிவுட் படமாகவும் எடுத்தது. ஆனால் இருவரில் ஒருவரும் மேஜர் லீக்கை எட்டவில்லை. ரிங்கு சிங் பின்னர் மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார். படம் ஓடியது, ஏணி அப்படியே நின்றது.

சட்டம் யார் பக்கம்?

முப்பது முதலாளிகள் கூடிக் கூலியை ஒரே அளவில் கட்டி வைக்க அமெரிக்கச் சட்டம் எப்படி இடம் கொடுத்தது? ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டம் அங்கே இல்லையா? இருக்கிறது! பேஸ்பாலுக்கு மட்டும் இல்லை! 1922-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு வழங்கியது. பேஸ்பால் மாநிலங்களுக்கிடையே நடக்கும் வணிகமன்று, ஆகவே அந்தச் சட்டம் பொருந்தாது என்றார் நீதிபதி ஹோம்ஸ். ஊர் ஊராக ரயிலேறிப் போய்ப் பணம் வசூலித்த தொழில், வணிகமில்லையாம்!

1953-ல் நியூயார்க் யாங்கீஸ் பண்ணையிலே இருந்த டூல்சன் என்ற மைனர் லீக் ஆட்டக்காரர், தம்மைக் கீழ்ப்படிக்குத் தள்ளியதை எதிர்த்துக் கோர்ட் படியேறினார். தோற்றார். 1972-ல் மேஜர் லீக் வீரர் கர்ட் பிளட் வழக்காடினார். அவரும் தோற்றார். 1998-ல் காங்கிரஸ் சட்டம் திருத்தியது. யாருக்கு? மேஜர் லீக்காரருக்கு மட்டும்! மைனர்களுக்குப் பழைய விலங்கே மிச்சம்.

மேல்தட்டிலே இருந்தவர்களைக் காத்தது கோர்ட்டல்ல, சங்கம்! 1966-ல் மேஜர் லீக் ஆட்டக்காரர்கள், எஃகுத் தொழிலாளர் சங்கத்திலே பணியாற்றிய மார்வின் மில்லரை அழைத்துத் தங்கள் சங்கத்தின் தலைமையை ஒப்படைத்தார்கள். 1968-ல் முதல் கூட்டு ஒப்பந்தம். 6,000 டாலராக இருந்த குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 10,000 ஆயிற்று. 2022-ல் அது 7 லட்சம் டாலர்! சங்கத்தின் வலிமைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஆனால் அந்தச் சங்கத்தின் கதவு மைனர்களுக்கு ஐம்பதாண்டுக்கு மேலாகத் திறக்கவில்லை. ஒரே கிளப்பு, ஒரே ஆட்டம், ஒரே முதலாளி. மேலே இருப்பவனுக்குச் சங்கம். கீழே இருப்பவனுக்கு ஏக்கம்! நிரந்தரத் தொழிலாளி ஒரு பக்கம், பயிற்சித் தொழிலாளி ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தால் லாபம் யாருக்கு என்பதை ஆலை வாசல் அறிந்த நம் தோழர்களுக்கு விளக்க வேண்டுமா?

பக்கம் 1,967

2014-ல் ஏரன் சென் என்ற முன்னாள் மைனர் ஆட்டக்காரரும் அவர் தோழர்களும் வழக்குத் தொடுத்தார்கள். நாட்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி எங்களுக்குக் கூலி கொடு என்பதே கோரிக்கை. அவர்களுக்காக வாதாடிய வக்கீல்களில் ஒருவர் காரெட் பிராஷுயிஸ்; அவரும் ஒரு காலத்திலே மைனர் லீக்கில் பந்து வீசியவரே! அடிபட்டவனே வக்கீலாகி வந்து நின்றான்.

முதலாளிமார் என்ன செய்தார்கள்? சட்டத்துக்குக் கட்டுப்படுவதற்குப் பதில் சட்டத்தையே கட்டிப்போடக் கிளம்பினார்கள். 2016-ல் 'அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காக்கும் சட்டம்' என்று அழகான பெயரிலே ஒரு மசோதா வந்தது. கண்டனம் எழவே, கொண்டுவந்த இருவரில் ஒருவரே சில நாளில் ஆதரவை விலக்கிக்கொண்டார். போயிற்று என்று எண்ணினார்கள். போகவில்லை! 2018 மார்ச்சில், 2,232 பக்கமுள்ள செலவு மசோதாவின் 1,967-ஆம் பக்கத்திலே அது பதுங்கி வந்து சட்டமாகிவிட்டது! எத்தனை மணி நேரம் உழைத்தாலும் வாரத்துக்கு 40 மணிக்கான குறைந்தபட்சக் கூலி கொடுத்தால் போதும் என்பது அதன் சாரம்.

கணக்கைப் பாருங்கள். நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். நாற்பதால் பெருக்கினால் 290. ஏ பிரிவு ஆட்டக்காரனுக்கு வாரம் 290 டாலரே குறைந்தபட்சமாக வைத்தார்கள். ஒரு காசு கூட இல்லை! ஆறேழு நாள் ஆட்டமும் பயணமுமாக அவன் வாரம் 60 மணி உழைத்தான் என்று கொண்டால், மணிக்கு ஐந்து டாலர் கூடத் தேறாது.

கூலியை உயர்த்தினால் சிறு நகரக் கிளப்புகள் மூடப்படும் என்று அப்போது பயமுறுத்தினார்கள். கூலி கொடுப்பவர் ஊர்க் கிளப்பு முதலாளியல்லவே! பின் ஏன் மூட வேண்டும்? பயமுறுத்தியவர்களே 2020 முடிவிலே நாற்பதுக்கு மேற்பட்ட சிறு நகரக் குழுக்களைத் தாங்களே கழற்றி விட்டார்கள். கூலியை உயர்த்தியதாலா? இல்லை, தங்கள் செலவைச் சுருக்க! கண்ணீர் முதலைக்குச் சொந்தம் என்பது தெரிந்துவிட்டது.

பதினேழு நாள்

2022 மார்ச்சில் நீதிபதி ஜோசப் ஸ்பீரோ, இவர்கள் மாணவர்களல்லர், ஆண்டு முழுவதும் ஊழியர்கள், வசந்தகாலப் பயிற்சியும் வேலையே என்று தீர்ப்பளித்தார். அதன் பின்னரே முதலாளிமார் இறங்கி வந்தார்கள். 18 கோடியே 50 லட்சம் டாலருக்குச் சமரசம். எட்டாண்டுப் போராட்டம்!

ஆனால் வழக்கு பழைய பாக்கியைத்தான் வசூலிக்கும். நாளைய கூலியை நிர்ணயிக்கச் சங்கம் வேண்டும். மைனர்கள் ஏன் அதுவரை சேரவில்லை? சிதறிக் கிடந்தார்கள். பக்கத்திலே நிற்பவனே போட்டிக்காரன். வாய் திறந்தால் மேலே ஏற்றமாட்டார்களோ என்ற அச்சம். அந்த அச்சத்தைப் போக்க, முன்னாள் ஆட்டக்காரர்கள் 2020-ல் ஓர் அமைப்பு கண்டு, வீட்டு வாடகை, சோறு, சம்பளம் என்று ஒவ்வொன்றாக ஊரறியச் செய்தார்கள். 2022 முதல் பெரும்பாலோருக்குத் தங்குமிடம் கிளப்பே கொடுக்க நேர்ந்தது. 2022 ஆகஸ்ட் 28-ல் மேஜர் லீக் சங்கம் தன் கதவைத் திறந்து அட்டைகளை அனுப்பியது. கையெழுத்துகள் குவிந்தன. செப்டம்பர் 14-ல் பெரும்பான்மை உறுதியாயிற்று. முதலாளிமார் சங்கத்தை ஒப்புக்கொண்டார்கள். பதினேழே நாள்! ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சங்கத்திலே!

2023-ல் முதல் ஒப்பந்தம். முகாம் லீக்கிலே ஆண்டுக்கு 4,800 டாலர் என்றிருந்தது 19,800 ஆயிற்று. லோ ஏ-யிலே 11,000 என்பது 26,200. டிரிபிள் ஏ-யிலே 17,500 என்பது 35,800. பயிற்சிக் காலத்துக்கும் சம்பளம். 19 வயதுக்குப் பின் சேர்பவனுக்கு ஏழு பருவப் பிணைப்பு ஆறாகக் குறைந்தது. நூறாண்டாக 'முடியாது, முடியாது' என்றவர்கள், ஒன்றுசேர்ந்த கை நீண்டதும் ஓராண்டுக்குள் முடியும் என்றார்கள்!

போர் முடியவில்லை. ஒவ்வொரு கிளப்பும் வைத்திருக்கக்கூடிய மைனர்களின் எண்ணிக்கை 180-லிருந்து 165-ஆகக் குறைக்கப்பட்டது. கூலி கூடியது, வேலை குறைந்தது. 1922-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நிழல் மைனர்கள் மேல் இன்னும் படிந்தே இருக்கிறது. டொமினிகன் நாட்டிலே கிளப்புகள் நடத்தும் முகாம்களில் பதினாறு வயதிலே ஒப்பந்தம் எழுதி ஆடும் ஏழைப் பிள்ளைகள் இந்தச் சங்கத்திலே இல்லை. நேற்று மைனர்களுக்கு மூடியிருந்த கதவு, இன்று அவர்களுக்கு மூடியிருக்கிறது. உள்ளே வந்தவர்கள் அதை மறக்கலாமா?

பயிற்சிக் காலம் என்பார்கள், பருவ வேலை என்பார்கள், பொழுதுபோக்கு என்பார்கள், எதிர்காலத்தைப் பார் என்பார்கள். பெயர் எதுவானாலும் சிந்துவது வியர்வை, தோழர்களே! நாளைக்கு மாளிகை என்று சொல்லி இன்றைக்குச் சோறு போடாதவனை நம்பி, அந்த மைனர்கள் தனித்தனியாக நூறாண்டு நின்றார்கள். கூடி நின்றதோ பதினேழு நாள். கூலியை உயர்த்தியது எது என்று உங்கள் ஆலையிலே புதிதாகச் சேர்ந்திருக்கும் பயிற்சித் தொழிலாளியைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்; சொல்லிவிட்டு, சங்கத்தின் கதவை அவனுக்கும் திறந்து வையுங்கள்!