குழாய் நீரும் லோகநாதன் உதவித்தொகையும்

தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. குடித்தவர்களின் பற்களில் கறை, சிலருக்கு எலும்பிலும் பாதிப்பு. அதற்கு மாற்றாக ஒகேனக்கலிலிருந்து காவிரி நீர் குழாய் வழியே வருகிறது. எங்கே எவ்வளவு விட்டத்தில் குழாய் பதித்தால், கடைசித் தெருவுக்கும் அழுத்தம் குறையாமல் குறைந்த செலவில் நீர் எட்டும்?

இத்தகைய கணக்குகளை ஆராய்ந்தவர் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். 1954-இல் கோபிச்செட்டிபாளையம் அருகே பிறந்தார். கோவை, கான்பூர், பர்டியூவில் படித்து, அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் கால் நூற்றாண்டு நீரியல் கற்பித்தார். இசைக் கலைஞர்கள் வாசித்து வாசித்தே இசைவைக் கண்டடைவதை முன்மாதிரியாகக் கொண்ட 'ஹார்மனி சர்ச்' கணக்கீட்டு முறையை 2001-இல் இரண்டு கொரிய ஆய்வாளர்களுடன் வெளியிட்டார். குழாய் வலையமைப்புகளைத் திட்டமிடவும் அது பயன்பட்டது.

2007 ஏப்ரல் 16. அந்தப் பல்கலைக்கழகத்தின் நாரிஸ் ஹால் கட்டடத்தில், 206-ஆம் அறையில் பாடம் நடந்துகொண்டிருந்தபோது துப்பாக்கிச் சூடு. அவரும் அவருடைய மாணவர்கள் ஒன்பது பேரும் மாண்டார்கள்.

அன்று பல்கலைக்கழக வளாகத்தில் கொல்லப்பட்டவர்கள் மொத்தம் 32 பேர். ஒவ்வொருவர் பெயரிலும் பல்கலைக்கழகம் அறக்கட்டளை நிதி நிறுவியது. லோகநாதன் பெயரில் அமைந்தது மாணவர் உதவித்தொகை. வகுப்பறையே உலகமாக இருந்த ஆசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் அமையாது. நிதியின் முதல் கரையாமல், அதன் வருவாயே மாணவர்களின் படிப்புக்குப் போகிறது.