மரக்கழிவில் கப்பல் எரிபொருள்: கூடுதல் ஹைட்ரஜன் எதற்கு?

2023-இல் 'லாரா மெர்ஸ்க்' என்ற சரக்குக் கப்பல் தென்கொரியாவிலிருந்து டென்மார்க்குக்குப் பசுமை மெத்தனாலில் ஓடி வந்து சேர்ந்தது. உயிரி எரிபொருள் ஆய்வாளர்கள் இன்று பேசும் திரவங்களில் மெத்தனாலும் ஒன்று.

எப்படிச் செய்கிறார்கள்? மரக்கழிவையோ வைக்கோலையோ குறைந்த ஆக்சிஜனில் சூடாக்கினால், கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு வரும். அதைச் செம்பு, துத்தநாக ஆக்சைடு கலந்த வினையூக்கியின் மீது, ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸில், உயர் அழுத்தத்தில் செலுத்தினால் மெத்தனால் கிடைக்கும்.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுக்கு இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுகள் வேண்டும். மரம் தரும் வாயுவில் அவ்வளவு இல்லை. பழைய முறையில், கார்பன் மோனாக்சைடின் ஒரு பகுதியை நீராவியுடன் வினைபுரிய வைத்து ஹைட்ரஜனைப் பெறுவார்கள். அப்போது உருவாகும் கார்பன் டை ஆக்சைடு வீணாக வெளியேறும். மரம் வருடக்கணக்கில் சேர்த்த கார்பன் அல்லவா அது!

இப்போதைய ஆய்வுகள், காற்றாலை மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜனைச் சேர்க்கின்றன. கார்பன் டை ஆக்சைடும் மெத்தனாலாகிவிடும். அதே மரத்தில் ஏறக்குறைய இருமடங்கு விளைச்சல்.

மெத்தனாலுக்குக் குறையும் உண்டு: லிட்டருக்கு டீசலின் பாதி ஆற்றல்கூட அதில் இல்லை. பெரிய தொட்டி வேண்டும். ஆனாலும், மலிவான காற்றாலை மின்சாரம் கிடைக்கும் நாடுகளுக்கு இதுவே சரியான வழி.