படியை யார் மாட்டுவது?

உயரமான வண்டி வாங்கிய வீட்டில் முதல் முணுமுணுப்பு பாட்டியிடமிருந்துதான் வரும். மஹிந்திரா தாரின் அடிப்பாகமே தரையிலிருந்து 226 மி.மீ. மேலே இருக்கிறது, கால் வைக்கும் தளம் அதற்கும் மேலே. புடவையோடு ஏறுகிறவருக்கும் முழங்கால் வலிக்காரருக்கும் தரைக்கும் தளத்துக்கும் நடுவில் ஒரு படி வேண்டும். அந்த சைடு ஸ்டெப்பைக் கடையில் மாட்டுவதா, வாங்கிவந்து வீட்டு வாசலிலேயே மாட்டிக்கொள்வதா?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போன்ற கடைத்தெருவில் பொருளை வாங்கினால், மாட்டும் கூலி பெரும்பாலும் விலைக்குள்ளேயே அடங்கிவிடும். ஆகவே காசு மிச்சமாகும் என்ற வாதம் இங்கே அவ்வளவாக எடுபடாது. ஆன்லைனில் வாங்கியவருக்குத்தான் கூலி தனிச் செலவு.

உண்மையான கேள்வி வண்டிக்கு அடியில் இருக்கிறது. தார், ஸ்கார்பியோ, ஃபார்ச்சூனர் எல்லாம் தனி சேஸிஸ் மேல் உட்கார்ந்த வண்டிகள். க்ரெட்டா, செல்டோஸுக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியேதான் எலும்புக்கூடும். எதுவானாலும், கம்பெனி விட்டிருக்கும் துளைகளிலேயே பொருந்தும் கிட் என்றால் தைரியமாக வீட்டில் இறங்கலாம். ஒரு சாக்கெட் செட், ஒரு டார்க் ரெஞ்ச், படியின் பாரைத் தாங்கிப்பிடிக்க இன்னொரு ஆள். அவ்வளவுதான்.

பாரைத் தாங்கும் எல்லா பிராக்கெட்டையும் முதலில் தளர்வாக மாட்டி, பாரை வைத்து நேர் பார்த்த பிறகே இறுக்க வேண்டும். முதல் பிராக்கெட்டையே முழுசாக இறுக்கிவிட்டால் கடைசித் துளை ஒத்துவராது. அப்போது சுத்தியல் வெளியே வரும். கடையில் கூட்ட நேரத்தில் இந்த அவசரம் சகஜம். 8 மி.மீ., 8.8 கிரேடு போல்ட்டுக்குச் சுமார் 25 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். ஏர் கன்னை வைத்து அழுத்தினால் மரையே போய்விடும்.

"இங்கே ஒரு துளை போட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் டிரில்லைக் கீழே வைக்கச் சொல்வதே நல்லது. பெயின்ட் போன இடத்தில் துரு ஏறும். கடற்கரை ஊர்களில் இன்னும் சீக்கிரம். உள்ளே ஒயரோ டீசல் பைப்போ ஓடலாம். மின்சார வண்டியில் தளத்துக்கு அடியில் இருப்பது பேட்டரி. வாரன்டி தகராறு தனி.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டியை மாற்றியமைப்பது பற்றிய 52-வது பிரிவைக் காட்டி, 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் புல் பார்களுக்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியது. அது முன்பக்கக் கம்பிகளைப் பற்றியது. படி விஷயத்திலும் வண்டிக் கம்பெனியே விற்கும் ஆக்சஸரிதான் வம்பில்லாதது.

பக்கவாட்டில் ஏதாவது மோதினால் இந்தப் படி காப்பாற்றும் என்று சிலர் நம்புகிறார்கள். ஒரு ஆளின் எடையைத் தாங்கச் செய்த குழாய் அது. பாறையில் உரசினாலும் வண்டியையே தாங்கும் ராக் ஸ்லைடர் வேறு சரக்கு.

மாட்டிச் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். இதற்காகக் கடைக்குத் திரும்பிப் போகிறவர்கள் அபூர்வம். ரெஞ்ச் கையில் இருப்பவருக்குப் பத்து நிமிட வேலை.