மூளைக்கு மாற்று எரிபொருள்: கீட்டோன் உணவு மனநோய்க்கு உதவுமா?

மூளையின் வழக்கமான எரிபொருள் குளுக்கோஸ் ஆகும். மாவுச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பை மிகுத்து உண்ணும்போது இன்சுலின் தாழ்ந்து, கல்லீரல் கொழுப்பு அமிலங்களிலிருந்து கீட்டோன்கள் எனப்படும் சிறு மூலக்கூறுகளை உருவாக்க, அவை குருதிவழி மூளையை அடைந்து குளுக்கோசின் இடத்தை ஓரளவு நிரப்புகின்றன. பட்டினியால் விளையும் இந்நிலையைப் பட்டினியின்றியே பெறலாம் எனக் கருதிய அமெரிக்க மருத்துவர் ரஸ்ஸல் வைல்டர், 1921இல் வலிப்பு நோய்க்கு இவ்வுணவை முன்மொழிந்தார்.

வால்ப்ரோயேட், லாமோட்ரிஜின் ஆகிய வலிப்பு மருந்துகள், மிகையெழுச்சியும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறுக்கும் பயன்படுவதால், வலிப்பைத் தணிக்கும் உணவு மனநிலையையும் நிலைப்படுத்தக்கூடும் என்ற ஊகம் எழுந்தது. நரம்பணுக்களைத் தூண்டும் குளுட்டமேட்டுக்கும் அடக்கும் காபாவுக்கும் இடையிலான சமநிலையைக் கீட்டோன்கள் அடக்கத்தின் பக்கம் சாய்க்கின்றன என்பது ஒரு விளக்கம். செல்லுக்குள் ஆற்றலை உருவாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் இவ்வெரிபொருளால் சீராக இயங்குகின்றன என்பது மற்றொன்று. இரண்டுக்குமான சான்றுகள் பெரும்பாலும் விலங்காய்வுகளிலிருந்தே கிடைத்தவை.

ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட முன்னோட்ட ஆய்வில், மனச்சிதைவு அல்லது இருமுனைக் கோளாறுடன் வளர்சிதைமாற்றக் குறைபாடும் கொண்ட 21 பேர், மருந்துகளை நிறுத்தாமலே நான்கு மாதம் இவ்வுணவை மேற்கொண்டபோது, எடையும் இன்சுலின் எதிர்ப்பும் குறைந்ததோடு மனநல அளவீடுகளும் மேம்பட்டன. ஆயினும் ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வில், எடை குறைந்த மகிழ்ச்சியையும் மருத்துவக் குழுவின் தொடர்ந்த கவனிப்பையும் உணவின் விளைவிலிருந்து பிரித்தறிய இயலாது. மனநோய் மருந்துகள் சிலவற்றால் கூடும் எடையைக் குறைப்பதே, இப்போதைக்கு, இவ்வுணவின் உறுதியான பயன் எனலாம். இன்சுலின் தாழும்போது சிறுநீரகம் சோடியத்தை மிகுதியாக வெளியேற்றுவதால் இருமுனைக் கோளாறுக்கான மருந்தாகிய லித்தியத்தின் அளவு குருதியில் மாறக்கூடும். எனவே அம்மருந்தை உட்கொள்வோர் மருத்துவக் கண்காணிப்பின்றி இதைத் தொடங்குவது ஆபத்தானது.