கேட்டது பதில், போனது நகல்

ஆஃபர் லெட்டர் வந்த கையோடு இன்னொரு மின்னஞ்சலும் வரும். அனுப்புவது வேலை கொடுக்கும் நிறுவனம் அல்ல. பெயர்கூடக் கேள்விப்பட்டிராத வேறொரு நிறுவனம். ‘எங்கள் வெரிஃபிகேஷன் பார்ட்னர் உங்களைத் தொடர்புகொள்வார்’ என்று எச்.ஆர். முன்பே சொல்லியிருப்பார். இணைப்பைத் தட்டினால் படிவம் நீளும்: பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரை மார்க்‌ஷீட், ஆதார், பான், பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ரிலீவிங் லெட்டர், சில ஆண்டுகளாகக் குடியிருந்த முகவரிகள், விசாரிக்க இரண்டு பேரின் கைபேசி எண். கடைசியில் ஒரு சின்னக் கட்டம்: ‘என் விவரங்களை வணிகக் கூட்டாளிகளுடன் பகிரச் சம்மதிக்கிறேன்.’ அதை டிக் செய்யாமல் அடுத்த பக்கம் திறக்காது. வேலை வேண்டும் என்பவர் டிக் செய்யாமல் என்ன செய்வார்?

ஐ.டி. வட்டாரத்தில் இதை பி.ஜி.வி. (பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன்) என்பார்கள். அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு இதே சமாசாரம் ‘உண்மைத்தன்மைச் சான்று’ என்ற பெயரில் பழக்கம். சரிபார்ப்பதில் தவறில்லை. போலிச் சான்றிதழில் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் சம்பளம் வாங்கியவர் பிடிபட்டார் என்ற செய்தி அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் நிறுவனம் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? இவர் பட்டம் வாங்கினாரா? சொன்ன இடத்தில், சொன்ன காலத்தில் வேலை பார்த்தாரா? ஒவ்வொன்றுக்கும் பதில் ஆம், அல்லது இல்லை. கணினிக் கணக்கில் ஒரே ஒரு பிட்.

அந்த ஒரு பிட்டுக்கு நாம் கொடுக்கும் விலையைப் பாருங்கள். வேலை பார்த்ததற்கு அத்தாட்சியாகத் தரும் சம்பளச் சீட்டில் வங்கிக் கணக்கு எண் இருக்கும். சொசைட்டிக் கடன் பிடித்தம் இருந்தால் அதுவும் இருக்கும். பட்டத்துக்காகத் தரும் மார்க்‌ஷீட்டில் எந்த பேப்பரில் அரியர் வைத்தோம் என்பது தெரிந்துவிடும். பிறந்த தேதிக்காக டி.சி. கொடுத்தவர், தன் மதத்தையும் சமூகத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார். இவற்றில் எதையும் யாரும் கேட்கவில்லை. தாளில் இருந்தது, தாளோடு போனது.

‘பெயரும் முகவரியும் ஊருக்கே தெரிந்ததுதானே’ என்பவர்கள் 1990களில் லட்டான்யா ஸ்வீனி என்ற ஆராய்ச்சி மாணவி செய்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகளைப் பெயரை நீக்கிவிட்டு ஆய்வுக்குக் கொடுத்தார்கள். ஸ்வீனி 20 டாலர் கொடுத்து கேம்பிரிட்ஜ் நகரத்து வாக்காளர் பட்டியலை வாங்கினார். மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதியில் பிறந்தவர்கள் அந்தப் பட்டியலில் ஆறு பேர். அதில் ஆண்கள் மூவர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் வசித்தவர் ஒருவரே. மருத்துவமனைப் பதிவுகளிலும் இதே மூன்று விவரங்கள் இருந்ததால், ஆளுநரின் மருத்துவக் குறிப்பு கைக்கு வந்துவிட்டது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு என்ற மூன்றை வைத்தே அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று பிறகு அவர் கணக்கிட்டார். நம் பி.ஜி.வி. படிவத்தின் முதல் பக்கத்திலேயே இந்த மூன்றும் இருக்கின்றன.

படிவம் சொல்லும் ‘கூட்டாளி’யும் ஒரே ஒருவர் அல்ல. முகவரி பார்க்க உள்ளூர் ஏஜென்சி ஒன்று, அந்த ஏஜென்சி அனுப்பும் ஆள், அவர் வாசலில் நின்று படமெடுக்கும் கைபேசி, கோப்புகளை வைத்திருக்கும் கிளவுட் சர்வர் என்று சங்கிலி நீளும். அதில் எந்தக் கண்ணி அறும் என்று முன்கூட்டித் தெரியாது. அமெரிக்காவில் பட்டங்களைச் சரிபார்த்துச் சொல்வதற்கென்றே நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ் என்ற அமைப்பு 1993 முதல் இருக்கிறது. கல்லூரிகள் மாணவர் விவரங்களை அதற்கு அனுப்பும். நிறுவனங்கள் அதனிடம் கேட்டுக்கொள்ளும். ஒவ்வொரு கல்லூரிக் கதவையும் தட்டுவதைவிட எவ்வளவோ மேலான ஏற்பாடு. 2023 மே கடைசியில் மூவ்இட் என்ற கோப்பு அனுப்பும் மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக குளோப் என்ற இணையக் கொள்ளைக் கும்பல் புகுந்தது. கிளியரிங்ஹவுஸும் அந்த மென்பொருளைத்தான் பயன்படுத்தி வந்தது. ஏறத்தாழ 900 கல்வி நிறுவனங்களின் மாணவர் கோப்புகள் சிக்கின. பாதிக்கப்பட்ட மாணவர் சேர்ந்தது ஒரு கல்லூரியில். பறிகொடுத்தது, தான் காசு கொடுத்து வாங்காத மென்பொருள் வழியாக.

நகலே கொடுக்காமல் பதிலை மட்டும் கொடுக்க வழி உண்டா? உண்டு. அதற்கான கணிதம் புதிதும் அல்ல.

எவ்வளவு பெரிய கோப்பானாலும் ஹாஷ் என்ற கணக்கில் போட்டால் குறிப்பிட்ட நீளத்தில் ஓர் எண் கிடைக்கும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். பல்கலைக்கழகம் தன் ரகசியச் சாவியால் அந்த எண்ணில் கையெழுத்திடும். எல்லோரும் பார்க்க வெளியிட்டிருக்கும் பொதுச் சாவியை வைத்து யார் வேண்டுமானாலும் அதைச் சோதிக்கலாம். 1976இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் சொன்ன யோசனை இது. மறு ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் ஆர்.எஸ்.ஏ. என்ற முறையாக அதைச் செய்துகாட்டினார்கள். ஆதார் அட்டையின் கியூ.ஆர். கட்டத்தில் இருப்பதும் இப்படிப்பட்ட கையெழுத்துதான். இணைய இணைப்பே இல்லாமல் சோதிக்கலாம். ஆனாலும் லாட்ஜ் ரிசப்ஷனில் கேட்பது ஜெராக்ஸ். எடுப்பவரும் கொடுப்பவரும் அதைச் சரிபார்ப்பு என்று நம்புவதுதான் வேடிக்கை. ஜெராக்ஸைக் கண்ணால் பார்த்தால் எதுவும் சரிபார்க்கப்படுவதில்லை. ஒரு நகல் கூடுகிறது, அவ்வளவே.

டிஜிட்டல் கையெழுத்திலும் ஒரு சங்கடம். அது முழுக் கோப்புக்கும் சேர்த்துப் போட்டது. மதிப்பெண்ணை மறைத்துவிட்டுப் பட்டத்தை மட்டும் காட்டினால் ஹாஷ் மாறி, கையெழுத்து செல்லாமல் போகும். ஆகவே ஒவ்வொரு வரிக்கும் தனித்தனி ஹாஷ் எடுத்து, அந்த ஹாஷ்களின் பட்டியலில் கையெழுத்திடலாம் என்று யோசித்தார்கள். காட்ட விரும்பும் வரியை அப்படியே காட்டலாம். மற்றவற்றுக்கு ஹாஷை மட்டும்.

இங்கேதான் அவசரக்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள். ஹாஷிலிருந்து பின்னோக்கிப் போய் விவரத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் ஊகித்துப் பார்க்கலாமே! மதிப்பெண் என்றால் 0 முதல் 100 வரை 101 எண்கள்தான்; எல்லாவற்றுக்கும் ஹாஷ் போட்டு ஒப்பிட்டால் தீர்ந்தது. கைபேசி எண்ணும் அப்படியே. 6, 7, 8, 9இல் தொடங்கும் பத்து இலக்க எண்கள் மொத்தம் 400 கோடி. நல்ல கிராஃபிக்ஸ் அட்டை நொடிக்குப் பல நூறு கோடி ஹாஷ் போடும். 2014இல் நியூயார்க் நகரம் 17 கோடிக்கும் மேற்பட்ட டாக்சிப் பயணங்களின் விவரத்தை, வண்டி எண்ணையும் ஓட்டுநர் உரிம எண்ணையும் ஹாஷாக மாற்றி வெளியிட்டது. அந்த எண்கள் எந்த அமைப்பில் இருக்கும் என்பது ஊரறிந்த விஷயம். விஜய் பாண்டுரங்கன் என்ற மென்பொருளாளர் சில மணி நேரத்தில் மொத்தத்தையும் அவிழ்த்துவிட்டார். இதற்கு மருந்து, ஒவ்வொரு விவரத்தோடும் ஊகிக்க முடியாத நீளமான ஓர் எண்ணைக் கலந்து ஹாஷ் எடுப்பது. கணினித் துறையில் அதை ‘உப்பு’ என்றே சொல்கிறார்கள். ‘உங்கள் விவரத்தை ஹாஷ் செய்துதான் பகிர்கிறோம்’ என்று எந்த நிறுவனமாவது ஆறுதல் சொன்னால், உப்பு போட்டீர்களா என்று கேளுங்கள்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். மதிப்பெண்ணைச் சொல்லாமல், 60க்கு மேல் என்பதை மட்டும் நிரூபிக்க முடியுமா? 1985இல் ஷாஃபி கோல்ட்வாசர், சில்வியோ மிகாலி, சார்ல்ஸ் ராக்காஃப் மூவரும் கொடுத்த ஆய்வுக் கட்டுரை, ரகசியத்தை வெளியிடாமல் அது தன்னிடம் இருப்பதை மட்டும் நிரூபிக்கும் வழிக்கு அடித்தளம் போட்டது. சிக்கரி கலந்த டிகாஷனையும் கலக்காததையும் மோந்தே சொல்லிவிடுவேன் என்கிறார் ஒரு மாமி. நீங்கள் டம்ளர்களை மறைவாக இடம் மாற்றியோ மாற்றாமலோ வைத்து, இருபது முறை கேட்கிறீர்கள். இருபதும் சரி. குருட்டாம்போக்கில் அப்படி அமைய பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை. மாமி சொன்னது உண்மை என்று உங்களுக்குச் சந்தேகமறத் தெரிந்துவிட்டது; எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்பது மட்டும் கடைசிவரை தெரியாது. டம்ளருக்குப் பதில் எண்களை வைத்து இதையே கணினி செய்கிறது.

அதே 1985இல் டேவிட் சாவ்ம் வேறொரு கவலையை எழுப்பினார். ஒரே சான்றைப் பத்து இடத்தில் காட்டினால், பத்துப் பேரும் பிறகு கூடி ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடித்துவிட மாட்டார்களா? ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறு முகமாகத் தெரியும் சான்றுகளுக்கான கணிதமும் பிறகு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டப்படி, உறுப்பு நாடுகள் 2026 முடிவுக்குள் குடிமக்களுக்கு டிஜிட்டல் அடையாளப் பர்ஸ் தர வேண்டும். அதில் எந்தக் கணிதத்தைப் பயன்படுத்துவது என்று அங்கே அறிஞர்களுக்கும் அதிகாரிகளுக்கும் பெரிய வாக்குவாதமே நடந்திருக்கிறது. பொறாமையாகத்தான் இருக்கிறது.

நம் ஊரில் நடந்த வாக்குவாதம் வேறு ரகம். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள், எண் மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவுறுத்தியது. இரண்டே நாளில், மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று சொல்லி மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. சொன்ன யோசனை நல்ல யோசனை.

கணிதம் தயாராக இருந்தும் நகல் ஒழியாததற்குக் காரணம் தணிக்கை என்பது என் எண்ணம். நாளை ஆடிட்டர் வந்து ‘சரிபார்த்தீர்களா?’ என்று கேட்டால் ஃபைலைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஆம் என்று சொல்லும் கையெழுத்திட்ட பதில் ஒன்றையே ஃபைலில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆடிட்டருக்குத் தாள் கனமாக இருந்தால்தான் திருப்தி. நகலை வைத்திருப்பதால் நிறுவனத்துக்கு இதுவரை பெரிய செலவும் இல்லை.

அந்தச் செலவைத்தான் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஏற்றப் பார்க்கிறது. கூட்டாளி கோட்டைவிட்டாலும் பொறுப்பு வேலைக்கு எடுத்த நிறுவனத்தின் தலையில்தான். காரியம் முடிந்ததும் விவரத்தை அழிக்க வேண்டும். கூட்டாளியையும் அழிக்க வைக்க வேண்டும். பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. விவரம் திருடுபோனவருக்கு அதில் சல்லிக்காசு கிடையாது, அத்தனையும் அரசுக் கருவூலத்துக்கு. என் விவரத்தை யார் யாருக்குக் கொடுத்தாய் என்று பெயர்ப் பட்டியல் கேட்கும் உரிமையும் 11ஆவது பிரிவில் இருக்கிறது. ஆனால் அது சம்மதத்தின் பேரில் கொடுத்த விவரத்துக்கு மட்டும். வேலைவாய்ப்பு தொடர்பான காரியங்களுக்குச் சம்மதமே தேவையில்லை என்று 7ஆவது பிரிவு ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. இன்னும் வேலையில் சேராத விண்ணப்பதாரருக்கும் அந்த ஜன்னல் பொருந்துமா என்பதில் வக்கீல்களுக்கு நல்ல வேலை காத்திருக்கிறது.

அதுவரை படிவத்தை நிரப்பத்தான் வேண்டும். ஆதார் கேட்டால், முதல் எட்டு இலக்கம் மறைந்த ஆதாரை ஆணையத்தின் தளத்திலிருந்து இறக்கிக் கொடுங்கள். பிறந்த தேதிக்கு டி.சி. வேண்டாம், பிறப்புச் சான்றிதழோ பாஸ்போர்ட்டோ போதும். நகலின் குறுக்கே எந்த நிறுவனத்துக்கு, எதற்காக, எந்தத் தேதியில் என்று எழுதுங்கள். பி.டி.எஃப்.பில் வங்கி எண்ணின் மேல் கறுப்புப் பட்டை மட்டும் போட்டு அனுப்பாதீர்கள். பல சமயம் அடியில் இருக்கும் எழுத்தை அப்படியே காப்பி செய்து எடுத்துவிடலாம். பட்டை போட்ட பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தை அனுப்புங்கள்.