வாரம் 20 பவுண்டு, வாரம் 3 லட்சம்

இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரத்தில் 1950களில் வீட்டுக் குழாய் ஒழுகினால், அதைச் சரிசெய்ய வரும் ஆள் அந்த நாட்டின் மிகச் சிறந்த கால்பந்து வீரராக இருந்துவிட வாய்ப்புண்டு. டாம் ஃபின்னி. சனிக்கிழமைகளில் பிரெஸ்டன் நார்த் எண்ட் அணிக்காக மைதானத்தின் ஓரமாகப் பந்தைக் கடத்திப் போய் எதிரணியைத் திணறடிப்பார். மற்ற நாட்களில் அவருக்காகக் காத்திருப்பது ஏதாவதொரு வீட்டின் குளியலறைக் குழாயோ, தண்ணீர்த் தொட்டியோ. சகோதரரோடு சேர்ந்து பிளம்பிங் தொழில் நடத்தினார். தேசிய அணிக்கு 76 ஆட்டங்கள் ஆடி 30 கோல் போட்டவருக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் ‘பிரெஸ்டன் பிளம்பர்’. கிளப் அழைத்தபோதே, கைத்தொழிலை முழுசாகக் கற்று முடித்துவிட்டுப் போ என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். கால்பந்து சோறு போடும் என்று அந்தக் காலத்து அப்பாக்கள் நம்பவில்லை. அவர்கள் நினைத்தது சரிதான்.

1952-ல் இங்கிலாந்து அணியோடு இத்தாலி போயிருந்த ஃபின்னியிடம் பலெர்மோ கிளப்பின் தலைவர் பேசினார். எங்களுக்கு ஆட வந்தால் கையில் 10,000 பவுண்டு, மாதம் 130 பவுண்டு, அதற்கு மேல் போனஸ், குடியிருக்கக் கடலோர வீடு, ஓட்டக் கார். ஃபின்னி அப்போது வாங்கிக்கொண்டிருந்தது வாரம் 14 பவுண்டு. ஊருக்கு வந்து கிளப் சேர்மனிடம் சொன்னார். எங்களுக்கு ஆடவில்லையென்றால் நீ யாருக்குமே ஆட முடியாது என்ற பொருளில் பதில் வந்தது. அத்தோடு கதை முடிந்தது. ஃபின்னி மறுபடி ஸ்பேனரைக் கையில் எடுத்தார்.

அந்தச் சேர்மன் வெறுமனே மிரட்டவில்லை, விதி அப்படி இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் வீரரின் பதிவைக் கிளப் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். விடுவிக்காத வரை அவர் வேறெங்கும் ஆட முடியாது. சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. 1901-ல் வாரம் 4 பவுண்டு என்று தொடங்கி, அறுபது ஆண்டுகள் ஊர்ந்து 20 பவுண்டுக்கு வந்து நின்றது. கோடை விடுமுறையில் அதுவும் குறையும். கூட்டத்துக்குப் பஞ்சமா என்றால் இல்லை. 1948–49 சீசனில் மட்டும் லீக் ஆட்டங்களுக்கு 4 கோடிக்கும் மேல் டிக்கெட் விற்றது. அந்தக் காசெல்லாம் யார் கைக்குப் போனது, அதைப் பொறுப்பாகச் செலவழித்தார்களா என்று எந்தப் பத்திரிகையும் தலையங்கம் தீட்டியதாகத் தெரியவில்லை.

உச்சவரம்பை உடைத்தது வீரர்களின் சங்கம். தாடி வைத்த ஃபுல்ஹாம் வீரர் ஜிம்மி ஹில் அப்போது அதன் தலைவர். வேலைநிறுத்தம் பற்றி விவாதிக்க மான்செஸ்டரில் கூடிய கூட்டத்தில் ஓர் இளம் வீரர் எழுந்தார். தன் அப்பா நாள் முழுக்கச் சுரங்கத்தில் உழைத்து வாரம் 10 பவுண்டுதான் வாங்குகிறார், நாம் 20 வாங்குகிறோமே, போதாதா என்று கேட்டார். அரங்கம் அசைந்து கொடுத்தது. பதில் சொல்ல எழுந்தவர் போல்டன் அணியின் தடுப்பாட்டக்காரர் டாமி பாங்க்ஸ். அவரும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். உங்கப்பா வேலையை நான் செய்வேன், செய்துமிருக்கிறேன். ஆனால் 30,000 பேர் பார்க்க எதிரணியின் ஸ்டான்லி மாத்யூஸைத் தடுத்து நிறுத்த உங்கப்பாவால் முடியாதே என்றாராம். அந்த இடத்தில் விவாதம் முடிந்துவிட்டதாக இன்றும் சொல்கிறார்கள். 1961 ஜனவரியில், வேலைநிறுத்தத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது, லீக் நிர்வாகம் இறங்கி வந்தது. ஃபுல்ஹாமின் ஜானி ஹேன்ஸ் வாரம் 100 பவுண்டு வாங்கும் முதல் இங்கிலாந்து வீரரானார். ஒரே தாவலில் ஐந்து மடங்கு. இரண்டு ஆண்டு கழித்து, ஒப்பந்தம் முடிந்த வீரரைப் பிடித்து வைக்கும் முறையும் அநியாயமானது என்று வீரர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் சொன்னது.

அந்தக் காலத்து வீரர்கள் அடக்கமானவர்கள், பஸ்ஸில் மைதானத்துக்கு வந்தவர்கள், சிக்கனக்காரர்கள், இந்தக் காலத்துப் பையன்கள் ஊதாரிகள் என்று பேசுபவர்களை இங்கிலாந்தில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடில்லை. பஸ்ஸில் வந்தார்கள் என்றால் கார் வாங்கப் பணமில்லை. காலிப் பையைச் சிக்கனம் என்று புகழ்வதில் ஒரு வசதி இருக்கிறது: அதைக் காலியாக வைத்திருந்தது யார் என்று கேட்க வேண்டியதில்லை.

1966-ல் உலகக் கோப்பையை வென்ற அணியைப் பாருங்கள். மொத்த அணிக்கும் போனஸ் 22,000 பவுண்டு. ஆடியவர், ஆடாமல் வெளியே உட்கார்ந்திருந்தவர் என்று பார்க்காமல் 22 பேரும் ஆளுக்கு 1,000 என்று பிரித்துக்கொண்டார்கள். அந்த ஆயிரத்துக்கும் வரி கட்டச் சொல்லி வருமான வரித்துறை வந்து நின்றது. அது சம்பளம் அல்ல, பரிசு என்று கேப்டன் பாபி மூர் வழக்காடி, 1972-ல்தான் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அந்த அணியின் ரே வில்சன் பிறகு சவ அடக்கத் தொழிலுக்குப் போனார். இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட ஜெஃப் ஹர்ஸ்ட் காப்பீட்டுத் துறையில் வேலை பார்த்தார். நாபி ஸ்டைல்ஸ் 2010-ல் தன் பதக்கங்களை ஏலத்துக்கு விட்டார்; பிள்ளைகளுக்கு ஏதாவது விட்டுப்போக வேண்டுமே என்பதுதான் காரணம். உலகக் கோப்பைப் பதக்கத்தை மான்செஸ்டர் யுனைடெட் கிளப் 1.6 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது. அதை வென்றபோது கிடைத்தது ஆயிரம். பொறுப்பாகத்தான் வாழ்ந்தார் மனிதர். கடைசியில் விற்பதற்கு மிஞ்சியது அந்தப் பதக்கம்தான்.

இரண்டு காலத்துக்கும் நடுவில் நிற்பவர் ஜார்ஜ் பெஸ்ட். உச்சவரம்பு போன பிறகு வந்த முதல் பெரிய நட்சத்திரம். துணிக்கடை, இரவு விடுதி, தனக்கென்று கட்டிக்கொண்ட நவீன பாணி வீடு. ஹோட்டல் அறைக்கு ஷாம்பெயின் கொண்டுவந்த பணியாள் கட்டிலில் சிதறிக் கிடந்த சூதாட்ட நோட்டுகளையும் பக்கத்தில் இருந்த உலக அழகியையும் பார்த்துவிட்டு, எல்லாம் எங்கே சார் தப்பாப் போச்சு என்று கேட்ட கதையை அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். 1982-ல் திவாலானார். 2002-ல் கல்லீரல் மாற்று சிகிச்சை, 2005-ல் மரணம். பணம் அவரைக் கெடுத்தது என்பார்கள். குடி கெடுத்தது என்பதே என் கட்சி. 22 வயதில் ஐரோப்பியக் கோப்பையை ஜெயித்த ஒருவனுக்குப் பக்கத்தில், இந்தப் பணத்தை இப்படி வை, இந்தக் கிளாஸைக் கீழே வை என்று சொல்ல அன்றைய கால்பந்தில் ஆளில்லை.

இன்றைக்கு வருவோம். 1992-ல் பிரீமியர் லீக் தொடங்கியதும் தொலைக்காட்சிப் பணம் கொட்டியது. 1995-ல் போஸ்மன் தீர்ப்பு வந்து, ஒப்பந்தம் முடிந்த வீரர் ஒரு பைசா மாற்றுத் தொகை இல்லாமல் கிளப் மாறலாம் என்றானது. கிளப்பிடம் இருந்த பிடி வீரரிடமும் அவருடைய ஏஜென்டிடமும் வந்தது. 2014-ல் வெய்ன் ரூனியின் புதிய ஒப்பந்தம் வாரத்துக்கு 3 லட்சம் பவுண்டு வரை என்று பத்திரிகைகள் எழுதின. ஆஷ்லி கோல் தன் சுயசரிதையில், வாரம் 60,000 எதிர்பார்த்த இடத்தில் கிளப் 55,000 தருவதாக ஏஜென்ட் போனில் சொன்னபோது ஆத்திரத்தில் கார் சாலையை விட்டே விலகப் பார்த்ததாக எழுதப்போக, எதிரணி ரசிகர்கள் அவர் முகம் அச்சிட்ட போலி நோட்டுகளை மைதானத்தில் வீசினார்கள். அதில் எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது, மறைப்பானேன்.

ஆனால் 2018 டிசம்பரில் கால்பந்து வீரர் ரஹீம் ஸ்டெர்லிங் தன் இன்ஸ்டாகிராமில் போட்ட இரண்டு பத்திரிகைத் தலைப்புகள் சிரிப்பை நிறுத்திவிட்டன. இரண்டும் ஒரே பத்திரிகை. இரண்டும் மான்செஸ்டர் சிட்டியின் இளம் வீரர்களைப் பற்றியவை. ஒருவர் டோசின் அடராபியோயோ, கறுப்பினத்தவர். இன்னொருவர் ஃபில் ஃபோடன், வெள்ளையர். இரண்டு பேரும் செய்தது ஒரே காரியம்: அம்மாவுக்கு வீடு வாங்கினார்கள். விலையும் கிட்டத்தட்ட ஒன்று, 20 லட்சம் பவுண்டுக்குச் சற்று முன்னே பின்னே. முதலாமவரைப் பற்றிய தலைப்பு, வாரம் 25,000 வாங்கும் பையன் லீக்கில் ஓர் ஆட்டம்கூடத் தொடக்கத்திலிருந்து ஆடாமலே மாளிகை வாங்கிப் பணத்தை இறைக்கிறான் என்ற தொனியில் இருந்தது. இரண்டாவது, வளரும் நட்சத்திரம் அம்மாவுக்கு வீடு வாங்கித் தந்தார் என்றது. ஊதாரித்தனமா, தாய்ப்பாசமா என்பதைப் பத்திரிகையின் உதவியாசிரியர் முடிவு செய்துவிட்டார். சம்பாதிக்கும் பிள்ளை பெற்றவளுக்கு வீடு வாங்குவதில் ஊதாரித்தனத்தைக் கண்டுபிடிக்கத் தனித் திறமை வேண்டும்.

மார்கஸ் ராஷ்ஃபோர்டுக்கும் இதே பாடு. சிறுவயதில் பள்ளி தந்த இலவச உணவை நம்பி வளர்ந்தவர். 2020 ஜூனில், கோடை விடுமுறையிலும் ஏழைக் குழந்தைகளுக்கு உணவுக் கூப்பன் கொடுங்கள் என்று எம்.பி.க்களுக்குக் கடிதம் எழுதினார். மறுத்துவந்த அரசு மறுநாளே பல்டி அடித்தது. 12 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள், சுமார் 13 லட்சம் குழந்தைகளுக்குச் சாப்பாடு கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஒரு பத்திரிகை, ராஷ்ஃபோர்டு வீடுகளாக வாங்கிப் போட்டிருக்கிறார் என்று அம்பலப்படுத்தும் பாணியில் செய்தி போட்டது. வீட்டில் முதலீடு செய்வது பொறுப்பில்லையென்றால் வேறு எதுதான் பொறுப்பு? கார் வாங்கினால் ஊதாரி, நிலம் வாங்கினால் பேராசைக்காரன்.

தான தர்மம் என்று பார்த்தால் சாடியோ மானேயைத் தாண்டிப் பேச முடியாது. செனகலில் பம்பாலி என்ற கிராமத்தில் பிறந்தவர். ஏழு வயதில் அப்பா இறந்தபோது ஊரில் ஆஸ்பத்திரி கிடையாது. லிவர்பூலுக்கு ஆடிச் சம்பாதித்த பணத்தில் அதே ஊரில் முதலில் பள்ளிக்கூடம் கட்டினார், பிறகு சுமார் 5 லட்சம் பவுண்டு செலவில் ஆஸ்பத்திரி கட்டினார். 2021-ல் அது திறந்தது. திரை விரிசல் விட்ட போனோடு அவர் நடந்துபோகும் படம் ஒன்று இணையத்தில் சுற்றியது. ரூனி வாங்கியதாகச் சொன்ன சம்பளத்தில் இரண்டு வாரம் சேர்த்தால் அந்த ஆஸ்பத்திரி வந்துவிடும். மற்றவர்கள் ஏன் கட்டவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை. அது செனகல் அரசிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

சரி, பணத்தைத் தொலைப்பவர்களே இல்லையா? இருக்கிறார்கள், நிறையவே. இங்கிலாந்தின் முன்னாள் கோல்கீப்பர் டேவிட் ஜேம்ஸ் 2014-ல் திவாலானார். சேர்த்து வைத்த ஜெர்சிகளும் சாமான்களும் ஏலத்துக்கு வந்தன. அதே ஆண்டுதான் நம் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கியது, கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் கொச்சியில் வந்து இறங்கிய அந்த உயர்ந்த மனிதரைப் பலர் பார்த்திருப்பீர்கள். மான்செஸ்டர் யுனைடெட்டில் கோப்பைகளாகக் குவித்த வெஸ் பிரவுனும் 2023-ல் திவால்.

இப்படிப்பட்ட கதைகளைப் பார்க்கும்போது காரும் கைக்கடிகாரமும் பெரிய காரணமாகத் தெரியவில்லை. ஒரு ஃபெராரி எவ்வளவுதான் தின்றுவிடும்? கோட் போட்டு வருபவர்தான் ஆபத்து. சினிமாத் தயாரிப்பில் பணம் போட்டால் வருமான வரியில் சலுகை உண்டு என்று ஆலோசகர்கள் இருபதாண்டுக்கு முன்பு வீரர்களைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்தார்கள். போட்ட பணத்தில் பெரும்பகுதி கடனாகக் காட்டப்பட்டது. பல ஆண்டு கழித்து வரித்துறை, இது வரி ஏய்க்கும் ஏற்பாடு, சலுகையைத் திருப்பிக் கொடு, வட்டியையும் கொடு என்று நோட்டீஸ் அனுப்பியது. அப்போது பலர் ஓய்வுபெற்றுவிட்டார்கள், சம்பளம் நின்றுவிட்டது. சிலருக்குப் போட்ட முதலை விடக் கட்ட வேண்டிய தொகை பெரிதாக இருந்தது. பதினாறு வயதில் பள்ளியை விட்டு வந்தவன் கணக்கரை நம்பியதை ஊதாரித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முப்பத்தைந்து வயதோடு முடிகிற வேலை இது என்பதை அவனைத் தவிர மற்ற எல்லோரும் கணக்கில் வைத்திருந்தார்கள்.

இன்னொரு வழி சூது. பால் மெர்சன் லட்சக்கணக்கில் தொலைத்ததை 2021-ல் பிபிசி ஆவணப்படத்தில் கண் கலங்கச் சொன்னார். ஆர்சனலில் அவரோடு ஆடிய டோனி ஆடம்ஸ், தானே குடியிலிருந்து மீண்ட பிறகு, இதுபோன்ற பழக்கங்களில் சிக்கிய விளையாட்டு வீரர்களுக்காக 2000-ல் ஒரு சிகிச்சை மையம் தொடங்கினார். பெஸ்டுக்குக் கிடைக்காதது அது. அன்றைக்கும் இன்றைக்கும் இடையே நடந்த மாற்றத்தில் நான் மனதாரப் பாராட்டுவது அதைத்தான். 2023 மே மாதம் பிரென்ட்ஃபோர்டு அணியின் இவான் டோனிக்கு எட்டு மாதத் தடை விதித்தார்கள். பந்தய விதிகளை 232 முறை மீறியதாக ஒப்புக்கொண்டார். சூதாட்ட அடிமைத்தனம் அவருக்கு இருப்பதை மருத்துவர் உறுதி செய்திருந்தார். வாராவாரம் அவர் போட்டுக்கொண்டு ஆடிய ஜெர்சியின் மார்பில் இருந்தது ஒரு பந்தயக் கம்பெனியின் பெயர்.

அந்தத் தடைக்கு முந்தைய மாதம்தான் பிரீமியர் லீக் கிளப்புகள் கூடி, 2025–26 சீசன் முடிவோடு ஜெர்சியின் முன்பக்கத்திலிருந்து சூதாட்ட விளம்பரத்தை எடுத்துவிடுகிறோம் என்று முடிவெடுத்திருந்தன. சட்டைக் கையில் போட்டுக்கொள்ளத் தடையில்லை.