நெடுஞ்சாலைக்கு ஒரு ரூட்டர், எல்லைக்கு ஒரு ரூட்டர்

கிருஷ்ணகிரி மாவட்டம் சிங்காரப்பேட்டையில் ஒருவர் கைப்பேசியில் ஒரு காணொளியைத் தட்டுகிறார். அந்தக் கோரிக்கை முதலில் செல்பேசிக் கோபுரத்துக்குப் போகும். அங்கிருந்து சாலையோரம் புதைத்த ஃபைபரில் இறங்கி, மாவட்டத்தின் பெரிய முனையத்தில் சேர்ந்து, சென்னையிலோ பெங்களூரிலோ வேறொரு நிறுவனத்தின் வலையமைப்புக்குள் நுழையும். வழியில் அது கடக்கும் ரூட்டர்கள் எல்லாம் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். விசிறி இரைச்சல், மினுக்கும் பச்சை விளக்குகள், கொத்துக் கொத்தாக மஞ்சள் ஃபைபர். ஆனால் அவை செய்யும் வேலை இரு வகைப்பட்டது. தன் வலையமைப்புக்குள்ளேயே கிடைத்ததை வேகமாகத் தள்ளிவிடுவது கோர் ரூட்டர். அடுத்தவரின் வலையமைப்போடு கைகோக்கும் இடத்தில் நிற்பது பியரிங் ரூட்டர். பெரிய வலையமைப்பை நடத்துகிறவர்கள் கோடிக்கணக்கில் செலவழிக்கும்முன் எடுக்க வேண்டிய முடிவே, எந்த இடத்தில் எதை வைப்பது என்பதுதான்.

ஓசூர்ப் பக்கத்தில் லாரி ஓட்டியவர்களுக்கு இதைச் சட்டென்று விளக்கிவிடலாம். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வரும்வரை ஜூஜூவாடியின் வணிகவரிச் சோதனைச்சாவடியில் லாரிகள் நீண்ட வரிசையில் நிற்கும். என்ன சரக்கு, யாருடையது, எங்கே போகிறது என்று தாள் தாளாகப் பார்ப்பார்கள். அதைத் தாண்டிவிட்டால் நெடுஞ்சாலையில் யாரும் மறிப்பதில்லை. கிருஷ்ணகிரியில் சென்னைக்கு ஒரு பிரிவு, சேலத்துக்கு ஒரு பிரிவு. கைகாட்டியைப் பார்த்துத் திரும்பினால் போதும். கோர் ரூட்டர் அந்தக் கைகாட்டி. பியரிங் ரூட்டர் அந்தச் சாவடி. கைகாட்டி நிற்கும் இடத்தில் எல்லாம் சாவடி கட்டினால் காசும் போகும், நேரமும் போகும். சாவடி வேண்டிய இடத்தில் கைகாட்டியை மட்டும் நட்டுவைத்தால் எது உள்ளே வருகிறதென்றே தெரியாது.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். இன்றைய பெரிய ரூட்டர்களில் ஒரு துறைமுனையின் வேகம் நொடிக்கு 400 கிகாபிட். மிகச்சிறிய பாக்கெட்டுகளாக வந்து குவிந்தால் அந்த ஒரே முனையில் நொடிக்குச் சுமார் 59 கோடி பாக்கெட்டுகள். ஒன்றுக்குக் கிடைக்கும் நேரம் 1.7 நானோநொடி. அந்த நேரத்தில் கண்ணாடி இழைக்குள் ஒளியே ஓரடிக்குச் சற்று அதிகமாகத்தான் நகரும். கணினியில் இருக்கும் சாதாரண நினைவகத்திலிருந்து ஒரு தகவலை எடுக்கவே பல பத்து நானோநொடிகள் ஆகும். ஆகவே ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பட்டியலைப் புரட்டி முகவரி தேடுவது சாதாரண நினைவகத்தால் முடியாத காரியம்.

கோர் ரூட்டர் இதற்கு நல்ல வழி ஒன்றைக் கண்டுபிடித்தது. பாக்கெட் உள்ளே நுழையும் எல்லையிலேயே அதன்மேல் 20 பிட் நீளமுள்ள ஒரு சீட்டை ஒட்டிவிடுகிறார்கள். எம்.பி.எல்.எஸ். என்ற முறை இது. நடுவில் இருக்கும் ரூட்டர் முகவரியைப் பார்ப்பதே இல்லை. சீட்டு எண்ணைப் பார்க்கும், அந்த எண்ணுக்கு நேராக எழுதியிருக்கும் வாசலில் தள்ளிவிடும். தேடல் கிடையாது, ஒப்பீடு கிடையாது. உலக இணையத்தின் வழிப்பட்டியல் எதுவும் தெரியாமலேயே ஒரு கோர் ரூட்டர் ஆயுள் முழுக்க உழைக்கலாம். அதனால்தான் அதே விலைக்கு, அதே மின்சாரத்துக்கு, அதிக டெராபிட் தர முடிகிறது.

எல்லையில் நிற்பவருக்கு இந்தச் சலுகை இல்லை. அவர் உலகம் முழுவதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1989இல் சிஸ்கோவின் கிர்க் லாஹீடும் ஐ.பி.எம்.மின் யாகோவ் ரெக்டரும் உணவு மேசையில் காகித நாப்கின்களில் வரைந்து தொடங்கிய பி.ஜி.பி. என்ற நெறிமுறைதான் இன்றும் வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் மொழி. அதன்வழி வந்து சேரும் ஐ.பி.வி4 வழிகள் இப்போது பத்து லட்சத்தை ஒட்டி நிற்கின்றன. ஐ.பி.வி6 வழிகள் இரண்டு லட்சத்துக்கு மேல். இவற்றின் முகவரி நான்கு மடங்கு நீளம் என்பதால் பட்டியலில் கூடுதல் இடம் பிடிக்கும். இந்தியாவில் இதை ஒதுக்கிவிட முடியாது. 2016இல் ஜியோ வந்ததிலிருந்தே ஐ.பி.வி6 பயன்பாட்டில் உலகின் முன்வரிசையில் இருக்கும் நாடு இது.

பட்டியல் பெரிது என்பது பாதிச் சிக்கல்தான். ஒரே முகவரிக்குப் பட்டியலில் பல வழிகள் பொருந்தலாம்; எது மிக நுணுக்கமாகப் பொருந்துகிறதோ அதையே எடுக்க வேண்டும் என்பது விதி. இதை ஒரே துடிப்பில் செய்து முடிக்க டி-கேம் என்ற சிறப்பு நினைவகம் இருக்கிறது. அதன் ஒவ்வொரு இடத்திலும் 0, 1, 'எதுவானாலும் சரி' என மூன்று நிலைகள். கேள்வியைக் கொடுத்தால் அத்தனை வரிகளும் ஒரே நேரத்தில் தம்மை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளும். வேகம் அற்புதம், ஆனால் மின்சாரத்தைக் குடிக்கும், சூடு தள்ளும், விலையும் அதிகம். அதனால் அளவாகத்தான் வைப்பார்கள்.

அளவு தீர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2014 ஆகஸ்ட் 12 காட்டியது. அப்போது உலகில் பரவலாக ஓடிக்கொண்டிருந்த சிஸ்கோவின் சில பழைய ரூட்டர்களில் ஐ.பி.வி4 வழிகளுக்கென்று ஒதுக்கிய இடம் 512 ஆயிரம் வரிகள்தான். அன்று வெரிசான் நிறுவனம் சுமார் 15,000 புதிய வழிகளைச் சிறிது நேரம் அறிவித்துவிட, பட்டியல் அந்த வரம்பைத் தாண்டியது. வன்பொருளில் இடமில்லாத வழிகளை மென்பொருள் சுமக்க நேர்ந்தது. பல வலையமைப்புகள் தள்ளாடின. ஒரு முனைகூடப் பழுதாகவில்லை, ஒரு கேபிளும் அறுபடவில்லை. டெராபிட் கணக்குப்படி எல்லாம் சரியாகவே இருந்தன. நெருக்கடி வரப்போகிறது என்று முன்கூட்டியே எச்சரிக்கை இருந்தும் பலர் அந்த எண்ணைப் பார்க்கவில்லை.

'நுணுக்கமானது வெல்லும்' என்ற அதே விதிக்கு இன்னொரு முகமும் உண்டு. 2008 பிப்ரவரி 24 அன்று, யூடியூபைத் தன் நாட்டுக்குள் மட்டும் முடக்க நினைத்த பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபின் 1,024 முகவரிகள் கொண்ட தொகுதிக்குள் 256 முகவரிகளுக்கு மட்டும் தன்னிடம் வழி இருப்பதாக அறிவித்தது. அந்த அறிவிப்பு ஹாங்காங்கின் பி.சி.சி.டபிள்யூ. வழியாக வெளியே கசிந்தது. சிறிய தொகுதிதான் நுணுக்கமானது என்பதால் உலகின் ரூட்டர்கள் விதிப்படி அதையே நம்பின. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் யூடியூப் உலகெங்கும் எட்டாமல் போனது. நம் நாட்டிலும் நடந்திருக்கிறது: 2021 ஏப்ரலில் வோடஃபோன் ஐடியாவின் வலையமைப்பிலிருந்து தவறாக அறிவிக்கப்பட்ட வழிகள் 30,000க்கும் மேல்.

பியரிங் ரூட்டரின் உண்மையான மதிப்பு இங்கேதான் தெரியும். பக்கத்து வலையமைப்பு சொல்லும் ஒவ்வொரு வழியையும் அது வடிகட்ட வேண்டும். ஆர்.பி.கே.ஐ. என்ற கையொப்ப முறையில் அந்த முகவரிக்கு உரியவர்தான் அறிவித்தாரா என்று பார்க்க வேண்டும். வெள்ளமாக வரும் தாக்குதல் பாக்கெட்டுகளை வாசலிலேயே கொட்டிவிட வேண்டும். யாரிடமிருந்து எவ்வளவு வந்தது என்று மாதிரி எடுத்துக் கணக்கும் வைக்க வேண்டும். இவ்வளவையும் செய்யும் சிப்பில் இடம் போய்விடும். அதனால் டெராபிட் குறையும். இதை ஒரு குறையாக எண்ணி, அதிக டெராபிட் காட்டும் கோர் பெட்டியை மலிவாக வாங்கி எல்லையில் நிறுத்துவது பெரும் பிழை என்பேன்.

காத்திருப்பு நினைவகத்திலும், எந்த இடத்துக்கு எவ்வளவு என்ற கேள்வி எழுகிறது. பாக்கெட்டுகள் நெரிசலில் சிக்கினால் அவற்றைச் சற்று நேரம் நிறுத்திவைக்க ரூட்டரில் இடம் வேண்டும். கால் நொடி நேரத் தரவைத் தேக்கும் அளவு இருக்கட்டும் என்பது நெடுங்கால வழக்கம். 100 கிகாபிட் இணைப்புக்கு அது 3 கிகாபைட்டுக்கு மேல். 2004இல் ஸ்டான்ஃபோர்டில் அப்பென்செல்லர், கெஸ்லாசி, மெக்கியோன் மூவரும் அழகான ஒரு கணக்கைக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கான உரையாடல்கள் ஒரே இணைப்பில் கலந்தால் அவற்றின் ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும். தேவையான இடத்தை உரையாடல்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்துக்கொள்ளலாம். 10,000 உரையாடல்கள் இருந்தால் நூறில் ஒரு பங்கு போதும். பலரின் போக்குவரத்து கலந்து வரும் கோருக்கு இது நன்றாகப் பொருந்தும். 100 கிகாபிட்டில் வந்தது 10 கிகாபிட் வாசலில் வெளியேற வேண்டிய எல்லையிலோ கஞ்சத்தனம் செய்யக்கூடாது.

இப்போது வரைபடத்துக்கு வருவோம். ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர்; சென்னை 300க்கு மேல். தொலைத்தொடர்பு உரிம வரைபடத்தில் ஓசூர் இருப்பது தமிழ்நாடு வட்டத்தில். வலையமைப்பைச் சென்னையை மையமாக வைத்துக் கட்டினால், ஓசூர் சிப்காட்டில் இருக்கும் ஆலையிலிருந்து பெங்களூர் அலுவலகத்துக்குப் போகும் தரவு வேலூரைத் தாண்டிச் சென்னை போய் மறுபடி மேற்கே திரும்பி வரும். ஃபைபரில் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். நேராகப் போய்வர 0.4 மில்லிநொடி, சென்னையைச் சுற்றினால் ஆறரைக்கும் மேல். படம் பார்ப்பவருக்கு இது தெரியாது. நொடிக்குப் பலமுறை சேவையகத்தோடு பேசும் ஆலை மென்பொருளுக்குத் தெரியும். தாமதத்தைவிடப் பெரிய கவலை அறுபடுதல்தான். சாலை விரிவாக்கப் பணி நடக்கும் இடத்தில் பொக்லைன் ஒருமுறை பல்லை இறக்கினால் பக்கத்து ஊருக்குப் போகும் பேச்சும் நின்றுவிடும்.

2003இல் தொடங்கிய நிக்ஸி என்ற அமைப்பு, உள்நாட்டுத் தரவு வெளிநாடு போய்த் திரும்புவதைத் தடுக்கவே உருவானது. அதன் இணைப்பகங்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கின்றன. எல்லை மாவட்டத்தில் வலையமைப்பு நடத்துகிறவர்கள் இரண்டு பக்கமும் வாசல் வைப்பதே சரி. செங்கம் கணவாயின் மேற்கு வாயிலில் இருக்கும் சிங்காரப்பேட்டைக்கு இதில் சொந்த நியாயம் ஒன்று உண்டு. 1767இல் ஹைதர் அலியின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் இந்தக் கணவாய்ப் பாதையில் மோதிக்கொண்டதற்குக் காரணம், கிருஷ்ணகிரிப் பக்கத்து மேட்டுநிலமான பாராமகாலிலிருந்து கிழக்குச் சமவெளிக்கு இறங்க வழிகள் சிலவே என்பதுதான். ஃபைபரும் அதே சாலைகளை ஒட்டித்தான் போகிறது. மேற்கே கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கேபிள், கிழக்கே திருவண்ணாமலைப் பக்கம் ஒன்று என வளையமாகக் கட்டினால் ஒன்று அறுந்தாலும் ஊர் இருளாது. அந்த வளையத்தில் நிற்பவை எளிய பெட்டிகளாக இருக்கட்டும். அவற்றுக்கு உலகப் பட்டியல் தேவையே இல்லை; 'தெரியாததை எல்லாம் இந்தப் பக்கம் அனுப்பு' என்ற ஒற்றை வரி போதும்.

சில ஆயிரம் வீடுகளுக்கு இணைப்புத் தரும் உள்ளூர் நிறுவனத்துக்கும் முழுப் பட்டியல் கட்டாயமில்லை. பியரிங்கில் நேரடியாகக் கிடைக்கும் வழிகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை மேல்நிலை நிறுவனத்திடம் விட்டுவிடலாம். கூகுளும் நெட்ஃபிளிக்ஸும் தங்கள் படங்களின் நகலை இணைய நிறுவனங்களின் வளாகத்திலேயே வைத்துக்கொள்ளத் தனிச் சேவையகங்கள் தருகின்றன. போதிய போக்குவரத்து சேர்ந்துவிட்டால், சிங்காரப்பேட்டையில் தட்டிய காணொளி மாவட்டத்தைத் தாண்டாமலேயே வந்து சேரவும் முடியும்.

கோர், பியரிங் என்ற பிரிவு முன்போல் கறாராக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பிரதீப் சிந்து 1996இல் நிறுவிய ஜூனிபர், 1998இல் எம்40 ரூட்டரைக் கொண்டுவந்தபோது பாக்கெட் தள்ளும் வேலை தனிச் சிப்புக்குப் போனது. பின்னாளில் அதே நிறுவனம் எல்லைக்கு எம்.எக்ஸ்., கோருக்குப் பி.டி.எக்ஸ். என்று இரண்டு குடும்பங்களை வளர்த்தது. 2019இல் சிஸ்கோ அறிவித்த சிலிக்கான் ஒன் இரண்டு வேலைக்கும் ஒரே சிப் வடிவமைப்பு என்றது. சிப் ஒன்றானாலும், நினைவகம் எவ்வளவு, உரிமத்தில் எத்தனை வழிகள், வடிகட்ட எத்தனை விதிகள் என்பவை மாடலுக்கு மாடல் மாறும்.

2024 மார்ச்சில் பெங்களூரில் நிவெட்டி நிறுவனமும் அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட்டும் சேர்ந்து 2.4 டெராபிட் திறனுள்ள உள்நாட்டு ரூட்டரை அறிமுகப்படுத்தியபோது செய்திகள் அந்த 2.4ஐத்தான் கொண்டாடின. எனக்கும் அதில் பெருமை உண்டு. ஓசூரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இப்படி ஒன்றைச் செய்கிறார்கள் என்பது சின்ன விஷயமா? ஆனால் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் தமிழ்நாடு ஃபைபர்நெட் போன்ற திட்டங்கள் ஒப்பந்தப்புள்ளி கேட்கும்போது, டெராபிட்டுக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று எண்களைக் கட்டாயமாகக் கேட்க வேண்டும்: ஐ.பி.வி4, ஐ.பி.வி6 இரண்டையும் சேர்த்து எத்தனை வழிகள் வன்பொருளில் நிற்கும். அத்தனை வடிகட்டு விதிகளையும் போட்ட பிறகு நொடிக்கு எத்தனை பாக்கெட். முழுச் சுமையில் எத்தனை வாட். எல்லையில் வைக்கப்போகும் பெட்டிக்கு இந்த எண்களைத் தராத நிறுவனத்தின் விலைப்புள்ளியைத் திறக்கவே வேண்டியதில்லை.